சபையில் பதிவேடு கிடையாது. குடும்ப வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது?

மலையடிவாரம்:

எல்லாருக்கும் தோத்திரம். எங்களுடையது சின்ன சகோதர சபை, பிரதரன் சபை என்றும் சொல்வார்கள். மொத்தம் இருபத்தாறு வீடு. பிள்ளைகளைச் சேர்த்து எண்ணினாலும் நூறு பேர் தேறமாட்டோம்.

போன வருஷம் மட்டும் மூன்று பாட்டிகளை அடக்கம் பண்ணினோம். மூன்றாவது அடக்கத்தில் வாழ்க்கைக் குறிப்பு வாசித்தார்கள். இன்ன வருஷம் இரட்சிக்கப்பட்டார்கள், இன்ன வருஷம் ஞானஸ்நானம் எடுத்தார்கள், இத்தனை பிள்ளைகள், கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்கள். நாலு வரியில் எண்பத்தேழு வருஷம் முடிந்துபோனது. பிறந்த ஊர் அதில் இல்லை. பெற்ற தாயின் பெயர் இல்லை. வீட்டுக்கு வந்தபிறகு பாட்டியின் மகளிடம், "உங்க ஆச்சி பேரு என்னக்கா?" என்று கேட்டேன். கையில் இருந்த காபி ஆறும்வரை யோசித்தார்கள். "ஆச்சின்னுதாம்மா கூப்பிடுவோம்" என்றார்கள்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபத்தாறு வீட்டுக் கதையையும் எழுதிவிட வேண்டும் என்று ஒரு நீள நோட்டு வாங்கிவிட்டேன். ஆனால் எங்கே தேடுவது? சிஎஸ்ஐ சபையில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் புத்தகம் உண்டு. நாம் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, அதனால் பிறப்பைக் குறித்துவைக்கும் வழக்கமும் இல்லை. சம்பளத்துக்குப் போதகர் இல்லை, அலுவலகம் இல்லை. சபையின் பெயர்ப்பட்டியல் மூப்பரின் சட்டைப்பை டைரிதான். அவர் போனால் டைரியும் போய்விடுகிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பழைய ஏடு:

நல்ல காரியம் சகோதரி. நானும் எங்கள் வட்டாரத்தில் பதினைந்து வருஷமாக இதையே செய்துகொண்டிருக்கிறேன்.

கல்யாணப் பதிவில் ஆரம்பியுங்கள். நமக்குப் போதகர் இல்லாவிட்டாலும் 1872ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி உரிமம் வாங்கிய ஒருவர்தான் கல்யாணத்தைப் பதிவு செய்திருப்பார். பக்கத்து ஊர்ச் சபைக்கும் பெரும்பாலும் அவரே போயிருப்பார். அவர் வீட்டில் அந்தப் புத்தகம் இருக்கிறதா என்று பாருங்கள். மாப்பிள்ளை, பெண் இருவரின் வயது, தொழில், குடியிருந்த இடம், தகப்பனார் பெயர் எல்லாம் அதில் இருக்கும். தாயார் பெயருக்குக் கட்டமே கிடையாது. உங்கள் அக்காவுக்கு ஆச்சி பெயர் தெரியாமல் போனதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. காகிதமே அந்தப் பெயரைக் கேட்கவில்லை.

அடுத்தது, சகோதர சபைக்கு வருமுன் அந்தக் குடும்பம் எந்தச் சபையில் இருந்தது என்று கேளுங்கள். நம் தாத்தாமார் பலர் சிஎம்எஸ் (சர்ச் மிஷனரி சொசைட்டி) அல்லது லண்டன் மிஷன் சபைகளில் இருந்து வந்தவர்கள். அங்கே குழந்தையாக இருக்கும்போது தெளிப்பு ஞானஸ்நானம் வாங்கி, வளர்ந்து விசுவாசித்தபின் இங்கே முழுக்கு எடுத்திருப்பார்கள். முதல் ஞானஸ்நானத்தை நாம் கணக்கில் வைப்பதில்லை. ஆனால் பிறந்த தேதிக்கு அந்தப் பழைய சபைப் புத்தகம்தான் கதி. கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள். ஒரு ஊரில் என்னை வாசலிலேயே நிறுத்தி, "பிரிஞ்சு போனவங்களுக்கு இங்க என்ன வேலை?" என்றார்கள். மூன்றாவது தடவை போனபோது அதே ஆள் அலமாரியைத் திறந்துவிட்டார்.

சிபாரிசுக் கடிதங்களையும் விட்டுவிடாதீர்கள். ஊர் மாறிப் போகும் விசுவாசியை அங்குள்ள சபை அப்பம் பிட்குதலில், அதாவது திருவிருந்தில், சேர்த்துக்கொள்ளும்படி இங்குள்ள மூப்பர்கள் எழுதிக் கொடுப்பார்களே, அதுதான். யார் எங்கிருந்து எங்கே எப்போது போனார்கள் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் நம்மிடம் இல்லை. பல வீட்டில் அது பழைய வேதாகமத்துக்குள் மடித்துக் கிடக்கும்.

வடக்குத்தெரு மூப்பர் மகன்:

சகோதரிக்குத் தோத்திரம். மனதில் பட்டதைச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முடிவில்லாத வம்ச வரலாறுகளைக் கவனிக்க வேண்டாம் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். நம் பெரியவர்கள் பிறந்த தேதியை விட்டு, மறுபடியும் பிறந்த தேதியை எழுதிவைத்தது மறதியால் அல்ல. மாம்சத்தின் உறவைவிட கர்த்தருக்குள் உள்ள உறவே பெரிது என்று நம்பினார்கள். என் அப்பா கடைசிவரை தன் சொந்த ஊரைப் பற்றிப் பேசியதே இல்லை. கேட்டால், "அதெல்லாம் பழைய மனுஷன்" என்று முடித்துவிடுவார். குடும்பக் கதையைத் தோண்டினால் சாதி வரும், சொத்துச் சண்டை வரும், யார் முந்தி வந்தது என்ற பெருமை வரும். சபைக்கு அது தேவையா?

மலையடிவாரம்:

அண்ணன், நீங்கள் சொல்லும் பயம் எனக்கும் உண்டு. ஆனால் அதே பவுல் அதே தீமோத்தேயுவுக்கு இரண்டாம் நிருபத்தில், உன் பாட்டி லோவிசாள், உன் தாய் ஐனிக்கேயாள் என்று பெயர் சொல்லித்தானே எழுதுகிறார்? தகப்பன் பெயர் அங்கே இல்லை. நம் சபையில் பெண்கள் கூட்டத்தில் எழுந்து பேசுவதில்லை. நான் அதை மீற வரவில்லை. ஆனால் என்னை ஜெபிக்கப் பழக்கியது என் பாட்டி. அப்படிப்பட்டவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

தேயிலைக்கொழுந்து:

நீலகிரியில் இருந்து எழுதுகிறேன். எங்கள் சபையில் பாதி வீடு சிலோன் திரும்பி வந்தவர்கள். 1964இல் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது இல்லையா, அதில் வந்த குடும்பங்கள். என் அம்மாவுக்கு அப்போது பதினோரு வயது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். இங்கே திரும்பி வந்தவர்களுக்கென்றே தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது.

எங்கள் வீட்டில் பத்திரமாக இருந்த ஒரே காகிதம் வரும்போது கொடுத்த குடும்ப அட்டை. தாத்தா, பாட்டி, பிள்ளைகள் எல்லார் பெயரும் வயதும் அதில் இருக்கிறது. வயதை நம்ப வேண்டாம், தோராயமாகச் சொல்லி எழுதியது. ஆனால் பாட்டியின் பெயர் இருக்கிறது! சிலோனுக்குப் போன தலைமுறை எந்தக் கிராமத்தில் இருந்து போனது என்று அவர்களுக்கே தெரியாமல் இருந்தது. பாட்டிக்கு ஒரு தாலாட்டு தெரியும். அதில் ஒரு கண்மாய் பெயர் வரும். அந்தப் பெயரை வைத்துத்தான் என் தம்பி ராமநாதபுரம் பக்கம் ஊரைக் கண்டுபிடித்தான். அதனால் சகோதரி, பாட்டிகள் பாடுவதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஞானப்பாட்டு மட்டும் போதாது.

மலையடிவாரம்:

எல்லாருக்கும் நன்றி. ஒரு விஷயத்தில் உதவி வேண்டும். அந்த அக்கா வீட்டுப் பரணில் ஒரு பழைய வேதாகமம் கிடைத்தது. தோல் அட்டை, முதல் சில தாள்கள் இல்லை, ஆதியாகமத்தின் பாதி வரை பூச்சி துளைத்திருக்கிறது. பின் அட்டையின் உள்பக்கம் பழுப்பு மையில் ஏழெட்டு வரி கையெழுத்து. முதல் வரியில் "தாது" என்று எழுதி ஒரு குறி போட்டிருக்கிறது. அதைத் தொடர்ந்து "மார்கழி", அதன் பின்னால் "யஉ" மாதிரி ஏதோ சுருக்கெழுத்து. அப்புறம் ஒரு பெண்பிள்ளை பிறந்த செய்தியும் அவள் பெயரும்.

அந்தப் பெயர் போன வருஷம் நாங்கள் அடக்கம் பண்ணின பாட்டியின் பெயரேதான். அக்கா அழுதுவிட்டார்கள், அம்மா பிறந்த தேதி கிடைத்துவிட்டது என்று. பஞ்சாங்கத்தில் பார்த்தேன், 1936 தாது வருஷம்தான். பாட்டியின் வயதுக்குச் சரியாக வருகிறது. ஆனால் கையெழுத்து மிகப் பழையதாகத் தெரிகிறது. படத்தைத் தனிச்செய்தியில் பழைய ஏடு ஐயாவுக்கு அனுப்பியிருக்கிறேன்.

பழைய ஏடு:

படம் பார்த்தேன். அந்தக் குறி ௵, வருஷம் என்பதற்கான பழைய அடையாளம். "யஉ" சுருக்கெழுத்து இல்லை, தமிழ் எண். ௰ என்றால் பத்து, ௨ என்றால் இரண்டு. மார்கழி 12.

இப்போது கவனியுங்கள். தமிழ் வருஷப் பெயர் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். தாது 1936இலும் வந்தது, 1876இலும் வந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்வது 1876இல் தொடங்கிய பஞ்சத்தைத்தான். அப்படியானால் இது எந்தத் தாது? நாலாவது வரியைப் பாருங்கள். அதே கை, அதே மை. "விய ௵" என்று எழுதிப் பக்கத்திலேயே 1886 என்று ஆங்கில வருஷமும் போட்டிருக்கிறது. விய, தாதுவுக்குப் பத்து வருஷம் பிந்தியது. ஆக முதல் வரியில் இருப்பது 1876. மார்கழி 12 என்றால் அந்த டிசம்பர் கடைசி வாரம்.

அந்தக் குழந்தை உங்கள் பாட்டி இல்லை. பாட்டியின் பாட்டி. பேத்திக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். பேத்தியும் ஒரு தாது வருஷத்தில் பிறந்ததால்தான் இந்தக் குழப்பம். பஞ்சத்தின் நடுவில் பிறந்த ஒரு பெண்குழந்தையின் தேதியை யாரோ மை தொட்டு எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் அப்போதே எழுதத் தெரிந்த ஒருவர் இருந்திருக்கிறார் என்பதையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சோதனை. ஆதியாகமம் முதல் வசனம் கிழியாமல் இருந்தால் பாருங்கள். கடவுளைப் "பராபரன்" என்று சொன்னால் அது பப்ரிசியஸ் மொழிபெயர்ப்பு. "தேவன்" என்று இருந்தால் 1871இல் முழுமையாக வந்த பவர் (Bower) ஐயரின் திருப்புதல், நாம் இன்றைக்கும் வாசிப்பது.

மலையடிவாரம்:

பூச்சி அரித்த ஓட்டைக்கு நடுவில் "தேவன்" தெரிகிறது ஐயா. அக்காவிடம் சொன்னேன். அம்மாவின் தேதி இல்லை என்றதும் முகம் வாடிவிட்டது. அப்புறம் வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அந்த வரியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். பாட்டியின் பாட்டி பெயர் கிடைத்துவிட்டது, பாட்டி பெயர் தெரியும். நடுவில் இருப்பவர்தான் அக்காவின் ஆச்சி. அவர் பெயர் மட்டும் இன்னும் இல்லை.

இரண்டு பெயர்:

இந்த இழையை முதல் நாளிலிருந்து வாசிக்கிறேன். எழுதலாமா என்று யோசித்து இப்போதுதான் எழுதுகிறேன்.

எங்கள் தாத்தாவுக்கு இரண்டு பெயர். சபையில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று. காரணம் உங்களுக்கே தெரியும். 1950ஆம் வருஷத்து பட்டியல் சாதியினர் ஆணைப்படி கிறிஸ்தவனானால் அந்தப் பட்டியலில் இடமில்லை. பிறகு 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தார்கள். நமக்குத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். குடிசை அதே குடிசை, ஊருக்கு வெளியே இருந்த கிணறும் அதே கிணறு. பெயரை மாற்றிய அன்றைக்குச் சலுகை மட்டும் போனது. பிள்ளையைப் படிக்கவைக்க ஒரு தகப்பன் பழைய பெயரையே சான்றிதழில் விட்டுவைத்தால் அவனைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆகவே சகோதரிக்கு ஒரு வேண்டுகோள். உயிரோடிருக்கும் எவருடைய இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணையத்தில் போட்டுவிடாதீர்கள். ஒருவருடைய வேலைக்கே அது உலை வைத்துவிடும்.

ஆனால் சாதியை மறைத்துவிட்டு எழுதுங்கள் என்று நான் சொல்லவில்லை, மூப்பர் மகன் அண்ணன் அப்படி விரும்புகிறாரோ என்று தோன்றுவதால் சொல்கிறேன். என் தாத்தா தன் புதுப் பெயரைச் சொல்லும்போது நிமிர்ந்து நிற்பார். ஊரில் அவரை ஏவலாகக் கூப்பிட்டவர்கள் இருந்தார்கள். சபையில் முதல் தடவையாக ஒருவர் "சகோதரரே" என்றபோது திரும்பிப் பார்த்தாராம், பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று. அது உண்மை. அதே சபையில் ஒரே அப்பத்தைப் பிட்டு ஒரே பாத்திரத்தில் குடித்தவர்கள், பெண் கேட்டுப் போனபோது "ஜெபம் பண்ணிச் சொல்றோம்" என்று சொல்லிவிட்டு வேறு ஊரில் தங்கள் ஆட்களிடம் சம்பந்தம் முடித்தார்கள். அதுவும் உண்மை. எழுதினால் இரண்டையும் எழுதுங்கள்.

வடக்குத்தெரு மூப்பர் மகன்:

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். சாதி பேசினால் சபை உடையும் என்றுதான் நான் நினைத்துவந்தேன். பேசாமல் இருந்ததால் உங்களுக்கு என்ன நடந்தது என்று நான் கேட்டதே இல்லை. என்னை மன்னியுங்கள். என் அப்பா ஏன் தன் ஊரைப் பற்றிப் பேசவில்லை என்று நான் சொன்ன காரணம் சரிதானா என்றே இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

குன்னங்குளத்து மருமகள்:

நான் நாகர்கோவில்காரி. வாழ்க்கைப்பட்டது கேரளத்தில் ஒரு பிரதரன் குடும்பத்தில். இங்கே நிலைமை தலைகீழ். வீட்டுப்பெயர் இருக்கிறது, குடும்பயோகம் என்று வருஷம் ஒருமுறை கூடுகிறார்கள், குடும்ப சரித்திரத்தைப் புத்தகமாகவே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். சிரியன் சபையில் இருந்து வந்த குடும்பம் என்பதால் பல தலைமுறைக் கணக்கு ஒப்பிக்கிறார்கள். ஜெர்மனியில் இருந்து வந்த நாகல் சாயிப்பு இந்த வட்டாரத்தில் ஊழியம் செய்தவர். அவர் காலத்தில் எங்கள் மாமனாரின் தாத்தா முழுக்கு எடுத்ததால் வீட்டை விட்டே தள்ளப்பட்டார் என்று சொல்வார்கள். அந்தப் பெரிய புத்தகத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரே வரி: வேறு சபைக்குப் போனார். அதற்குமேல் அந்தக் கிளை இல்லை. புத்தகம் இருந்தாலும் சிலரை விட்டுவிட முடியும் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

தேயிலைக்கொழுந்து:

ஒரு சின்னக் கேள்வி. எங்கள் சபையில் இரண்டு குடும்பம் "நாங்க அருளப்பர் காலத்துலயே வந்தவங்க" என்று சொல்கிறார்கள். அதை எப்படிச் சரிபார்ப்பது?

பழைய ஏடு:

தென்மாவட்டத்தில் பத்துக் குடும்பத்தைக் கேட்டால் ஏழு குடும்பம் இதைச் சொல்லும். சிலருக்கு உண்மை, சிலருக்கு ஆசை.

ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் 1810இல் உக்கிரன்கோட்டையில் பிறந்தவர். பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். 1833இல் அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ் இந்தியா வந்தபோது அவரைச் சந்தித்தார். குரோவ்ஸ் எக்ஸெட்டரில் பல் வைத்தியம் பார்த்தவர். நல்ல வருமானத்தை விட்டுவிட்டு 1829இல் பாக்தாத் போய், 1831இல் அங்கே பரவிய பிளேக்கில் மனைவியைப் பறிகொடுத்துவிட்டு இங்கே வந்தவர். மிஷன் சம்பளம் வேண்டாம், கர்த்தர் கொடுப்பதில் வாழ்வோம் என்ற எண்ணம் அருளப்பனுக்கு அவரிடம் இருந்து வந்தது. 1840களின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வட்டாரத்தில் கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை ஏற்படுத்தினார். 1860இல் அங்கே பெரிய எழுப்புதல் உண்டானது. 1867இல் இறந்தார். அவருடைய நாட்குறிப்புகளை ஜி. எச். லாங் தொகுத்து 1939இல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். அதில் இடங்களின் பெயர் வருகிறது. உங்கள் குடும்பம் சொல்லும் ஊர் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஊர் இருந்தால் மட்டும் போதாது. 1860இலிருந்து இன்றுவரை குறைந்தது ஐந்து தலைமுறை. ஐந்து பேரின் பெயரையும் வரிசையாகச் சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் "அப்படிச் சொல்கிறார்கள்" என்றே எழுதுங்கள். அந்த எழுப்புதலில் அந்நியபாஷை பேசினார்கள் என்று அந்தக் காலக் குறிப்புகள் சொல்கின்றன. நம் சபையார் சிலர் அதைச் சொல்லக் கூசுகிறார்கள், பெந்தெகொஸ்தே சகோதரர் அதை மட்டும் சொல்கிறார்கள். என் பெரியபாட்டி வழியாக வந்த கதையில் பாஷையைப் பற்றி ஒன்றும் இல்லை. திருப்பிக் கொடுக்காத கடன்களை ஆட்கள் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்பதுதான் கதை. ஒரு மரக்கால் கம்பு கூட.

பிற்கால மிஷனரிமார் காலத்துக் குடும்பம் என்றால் இங்கிலாந்தில் இன்னொரு வழி உண்டு. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் சகோதர சபைகளுக்கென்றே ஒரு காப்பகம் இருக்கிறது. எக்கோஸ் ஆஃப் சர்வீஸ் பத்திரிகைக்கு மிஷனரிமார் எழுதிய கடிதங்களைத் தேட அங்கே தொடங்கலாம். நம் ஆட்களின் பெயரை ஆங்கிலத்தில் கண்டபடி எழுதியிருப்பார்கள். வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் பிடிபடும்.

மலையடிவாரம்:

இரண்டு பெயர் தம்பி சொன்னதை மூப்பர்களிடம் பேசினேன். இரண்டு நோட்டு போடுவதாக முடிவு. ஒன்று அந்தந்த வீட்டுக்கு, அவர்கள் சொன்னதெல்லாம் அதில் இருக்கும், அது அவர்கள் வீட்டிலேயே இருக்கும். இன்னொன்று சபைக்கு. அதில் இறந்தவர்கள் மட்டும், வீட்டார் சம்மதித்தது மட்டும். இணையத்தில் யார் பெயரும் கிடையாது, இந்த இழையிலும்தான். பதினோரு வீடு முடித்திருக்கிறேன். மூன்று வீட்டில் வேண்டாம் என்றார்கள், விட்டுவிட்டேன்.

வடக்குத்தெரு மூப்பர் மகன்:

சகோதரி, அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அவர் போனபிறகு இதுவரை யாரும் திறக்கவில்லை. டைரிகள் இருபத்திரண்டு. வரவு செலவு, பிரசங்கக் குறிப்பு, மழை பெய்த நாள். 1953 டைரியில் ஒரு பக்கம் முழுக்க ஞானஸ்நானம் எடுத்தவர்கள் பெயர். கமலைக் கிணற்றில், விடியற்காலை, ஒன்பது பேர். ஏழாவதாக ஒரு பெண். வயது சுமார் 45 என்று போட்டு, இன்னாருடைய தாயார் என்று எழுதியிருக்கிறார். அந்த இன்னார் போன வருஷம் நாம் அடக்கம் பண்ணின பாட்டி. பக்கத்தில் சின்ன எழுத்தில், "படியில் இறங்கப் பயந்தார்கள், என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்" என்றிருக்கிறது. பக்கத்தைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். பெயர் தெளிவாக இருக்கிறது.

மலையடிவாரம்:

அண்ணன், நேற்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஃபோனைக் காட்டினேன். கண்ணாடி எடுத்துப் போட்டு இரண்டு தடவை எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். "எங்க ஆச்சிக்குக் கிணறுன்னா பயம். ஆமா. தண்ணி எடுக்கக்கூட எங்கம்மாதான் போவா" என்றார்கள்.

கையைக் கழுவிவிட்டு வந்து, பழைய வேதாகமத்தை எடுத்து, பேரனின் பேனாவை வாங்கி, பழுப்பு மை வரிகளுக்குக் கீழே அந்தப் பெயரை எழுதினார்கள். அதற்குக் கீழே தன் அம்மாவின் பெயர். பிறகு என்னைப் பார்த்து, "என் பேரையும் எழுதலாமா?" என்றார்கள். எழுதுங்கள் என்றேன்.